ஏவலாள் இடத்தில் யந்திரம்

மனிதன் தன் வீட்டு வேலைகளையெல்லாம் தாமே இயங்கும் கருவிகளிடம் ஒப்படைத்துவிட்டு ஓய்ந்திருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டது நேற்று இன்று ஏற்பட்ட விஷயம் அன்று. கிரேக்க மகாகவி ஹோமர் தமது இலியத் காவியத்தின் 18-ஆம் காண்டத்திலே, தேவதச்சனாகிய ஹெபைஸ்டஸ் தன் பட்டறையில் பொற்சக்கரங்கள் பூட்டிய 20 முக்காலிகளைச் செய்துகொண்டிருந்தான் என்றும், அவை தேவர்களின் சபைக்குத் தாமே உருண்டு சென்று, காரியம் முடிந்ததும் தாமே வீடு திரும்ப வல்லவை என்றும், கால் ஊனமுற்ற அந்தத் தச்சனைத் தாங்கி நடத்திச் செல்லப் பேச்சும் அறிவும் படைத்த பொற்பாவைகள் பணிப்பெண்களாக இருந்தன என்றும் வருணித்திருக்கிறார். அவருக்குச் சில நூற்றாண்டுகள் பிற்பட்டு வந்த தத்துவஞானி அரிஸ்டாட்டில், அரசியல் பற்றிய தம் நூலில் அதே முக்காலிகளை எடுத்துக்காட்டி, தறியில் நாடா தானே ஓடி நெய்யுமாயின், யாழைக் கோல் தானே மீட்டுமாயின், எஜமானர்களுக்கு அடிமைகள் தேவைப்பட மாட்டார்கள் என்ற கருத்தை வெளியிட்டார். அடிமை முறையை நியாயப்படுத்தும் பகுதியில் போகிற போக்கில் அவர் எழுதிய கருத்து இது.

பிற்காலத்து விஞ்ஞானக் கதைகள், வீட்டு யந்திரங்களிடம் மனிதன் கொள்ளும் பரதந்திரத்தைப் பற்றி எத்தனையோ விதமாகக் கற்பனை செய்திருக்கின்றன. அவற்றை வரிசையாகப் படித்துவரும் ஒருவர் அரிஸ்டாட்டிலின் இந்தக் கருத்தை மறவாதிருந்தால், அக்கதைகளின் உள்ளோட்டம் எளிதில் புலப்படும். வீட்டு யந்திரம் காலி இடத்தில் வந்து குடியேறியதன்று. முன்பு ஓர் ஏவலாள் நின்ற இடத்திலேதான் அது வந்து நின்றது. ஆதலின் அதனைக் கண்டு ஒரு கதாசிரியர் அடையும் ஆனந்தமோ அச்சமோ, அந்த வீட்டில் அவர் அதுகாறும் ஏவினவரா, ஏவப்பட்டவரா என்பதைப் பொறுத்தே பெரும்பாலும் அமைந்திருக்கக் காண்கிறோம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் நடுத்தர வகுப்பு வீடு எவ்வாறு நடந்து வந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். 1891-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்போது அந்நாட்டில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் பிறர் வீடுகளில் வேலை செய்து பிழைத்து வந்தார்கள். ஒற்றைப் பணிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொள்ள வசதியுள்ள வீட்டில், அவள் விடியற்காலையில் எழுந்து, கணப்புகளிலிருந்த நேற்றைச் சாம்பலை வாரி, இரும்புச் சட்டங்களுக்குக் கறுப்பு மெருகிட்டு, கரித்தொட்டியை மாடிக்குச் சுமந்து சென்று, நெருப்பு மூட்டி, குளிப்பதற்கு வெந்நீரையும் மாடிக்கே எடுத்துச் சென்று, பிறகு அழுக்குத் தண்ணீரைக் கீழே கொண்டுவந்து கொட்டிய பின்னரே வீட்டார் கண் விழிப்பார்கள். சுவரிலிருந்த இழுகயிற்றை எஜமானி இழுத்தால் கீழே சமையற்கட்டில் மணி அடிக்கும். எந்த அறையிலிருந்து அழைப்பு வந்தது என்பது மணியின் இடத்தைக் கொண்டு தெரியும். யந்திரம் வருவதற்கு முன்பே, ஒரு கயிற்றை இழுத்த மாத்திரத்தில் எல்லாம் நடந்தேறும் வீட்டில்தான் அந்த வகுப்பினர் வாழ்ந்து வந்தார்கள். தொழிற்சாலைகளும் கடைகளும் அலுவலகங்களும் பெண்களுக்கு வேறு பிழைப்பைக் காட்டத் தொடங்கியபோது, நல்ல வேலைக்காரி கிடைக்கவில்லையே என்ற புலம்பல் அட்லாண்டிக் சமுத்திரத்தின் இரு கரைகளிலும் எழுந்தது. விஞ்ஞானக் கதையின் வீட்டு யந்திரம் இந்தப் புலம்பலுக்குச் சொல்லப்பட்ட மறுமொழியாகவே அவதரித்தது.

அமெரிக்கராகிய எட்வர்ட் பெல்லமி 1888-இல் வெளியிட்ட 'பின்னோக்கிப் பார்த்தல்' என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். பாஸ்டன் நகரத்துச் செல்வனாகிய ஜூலியன் வெஸ்ட் தூக்கமின்மையால் வருந்துபவன். நிலவறை ஒன்றில், வைத்தியர் ஒருவர் வசிய முறையால் அவனைத் துயிலச் செய்கிறார். அவனைத் திரும்ப எழுப்பும் வித்தை அந்த வீட்டில் அவன் வேலைக்காரனாகிய சாயர் ஒருவனுக்கே தெரியும். 1887-இல் ஓரிரவு மேல்வீடு தீக்கிரையாகிறது. சாயரும் மாண்டுபோனதாகக் கருதப்படுகிறது. எழுப்ப ஆளின்றி எஜமானன் கி.பி. 2000 வரை உறங்கிக் கிடக்கிறான். கதையைக் கொண்டுசெலுத்துவதற்கு ஆசிரியர் கைக்கொண்ட வெறும் உபாயமே இது என்றாலும், ஓர் எஜமானன் தன் ஏவலாளிடம் கொண்டிருந்த பரதந்திரம் எவ்வளவு முழுமையானது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டிவிட முடியாது. விழித்தெழுந்த வெஸ்ட், தான் தங்கிய வீட்டில் வேலைக்காரர் எவரையும் காணாமல், வீட்டு வேலையை யார் செய்கிறார்கள் என்று வினவுகிறான். துணிகள் பொதுச் சலவைச்சாலையில் வெளுக்கப்படுகின்றன, உணவு பொதுச் சமையற்கூடத்தில் தயாராகிறது, நெருப்பும் விளக்கும் இருந்த இடத்தை மின்சாரம் எடுத்துக்கொண்டது, ஆகவே வீட்டில் செய்வதற்கென்று வேலையே இல்லை என்பது அவனுக்குக் கிடைக்கும் விடை. ஒரு திருகாணியைத் தொட்டால் நகரத்துச் சங்கீத மண்டபத்தில் நடக்கும் கச்சேரி தொலைபேசிக் கம்பி வழியாகப் படுக்கையறைக்கே வந்துவிடுகிறது. பெல்லமியின் நோக்கம் சமத்துவம். பிறரை ஏவாமல் வாழும் வழியொன்றை அவர் தேடினார் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் எல்லோரும் அத்தகைய உயர்ந்த நோக்கத்துடன் எழுதவில்லை. 1899-இல் 'கறுப்புப் பூனை' என்ற அமெரிக்க மாசிகையில் எலிசபெத் பெல்லமி என்னும் அம்மையார் எழுதிய ஹாஸ்யக் கதையொன்றில், குடும்பத் தலைவர் ஒருவர் தம் நண்பர் கண்டுபிடித்த யந்திர வேலைக்காரிகள் இரண்டை வாங்கி வீட்டில் வைக்கிறார். அவற்றுக்கு இடப்பட்ட பெயர்களில் ஒன்று பிரிட்ஜெட். அக்காலத்து அமெரிக்காவில் அயர்லாந்திலிருந்து வந்த வேலைக்காரப் பெண்கள் அனைவரையும் பொதுவாகச் சுட்டிய பெயர் அது. யந்திரங்கள் சக்தி மிகுந்து வீட்டையே அமளிக்களமாக்குகின்றன. வேலைக்காரியைப் பற்றி அன்றாடம் சொல்லப்பட்ட குறைகளையெல்லாம் அந்தப் பெயருடன் சேர்த்து யந்திரத்தின் தலையில் ஏற்றிய முதற் கதைகளுள் ஒன்றாக இதனைக் கொள்ளலாம். கற்பனை இவ்வாறு ஓடிக்கொண்டிருக்கையில் நிஜமான வீட்டுக் கருவிகள் மெதுவாகவே வந்தன. ஹூபர்ட் சிசில் பூத் என்னும் ஆங்கிலேய எஞ்சினீயர் 1901-இல் அமைத்த தூசி உறிஞ்சும் யந்திரம் குதிரைகள் இழுத்துவரும் வண்டியளவு பெரியது. அதனைத் தெருவில் நிறுத்திவிட்டு, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியே உள்ளே செலுத்தித்தான் கம்பளங்களைச் சுத்தம் செய்தார்கள். ஏழாம் எட்வர்ட் மன்னரின் முடிசூட்டு விழாவுக்காக 1902-இல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக் கம்பளங்கள் இந்த யந்திரத்தினால் சுத்தம் செய்யப்பட்டன.

1905-ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனிச் சிறப்புடையது. ஏனெனில் ஒன்றையொன்று அறியாத இரண்டு கனவுகள் அவ்வாண்டில் அச்சேறின. ஒன்று ஹெச். ஜி. வெல்ஸ் எழுதிய 'நவீன உத்தமராஜ்யம்'. அதிலே வருணிக்கப்படும் விடுதி அறைக்கு அழுக்குச் சேரும் மூலைகளே கிடையா. சுவர் வளைந்து வந்து தரையைச் சந்திக்கிறது. யந்திரப் பெருக்குமாற்றைச் சில முறை இழுத்தால் அறை சுத்தமாகிவிடும். கைப்பிடியைத் திருகினால் சோப்பு விழுகிறது. பயன்படுத்திய துவாலையைப் பெட்டியில் போட்டால் அது குழல் வழியே கீழே சென்றுவிடுகிறது. அறையை இருந்தபடியே வைத்துவிட்டுப் போகாதவருக்கு வாடகை இரு மடங்கு என்ற அறிவிப்பும் அங்கே உண்டு. வெல்ஸின் தாயார் ஒரு பெரிய மாளிகையில் வீட்டு நிர்வாகியாக ஊழியம் புரிந்தவர். மாளிகையின் கீழ்த்தளத்து வாழ்க்கையை வெல்ஸ் சிறு வயதிலேயே அருகிலிருந்து பார்த்தவர். பிறர் மிச்சம் வைத்துப்போகும் அழுக்கை எடுப்பவரின் சிரமத்தை அறிந்த ஒருவரே மூலையில்லாத அறையைக் கற்பனை செய்திருக்க முடியும்.

மற்றது நம்முடைய சென்னையிலே வெளியானது. கமலா சத்தியநாதன் அம்மையார் 1901-இல் தொடங்கி நடத்திவந்த 'இந்தியன் லேடீஸ் மாகசீன்' என்னும் ஆங்கில மாசிகையில், வங்கத்தைச் சேர்ந்த ரொக்கேயா சகாவத் ஹுசைன் எழுதிய 'சுல்தானாவின் கனவு' பிரசுரமாயிற்று. ரங்கப்பூர் ஜில்லாவில் 1880-இல் பிறந்து, கோஷா முறையில் வளர்ந்து, உடன்பிறந்தார் உதவியால் மறைவாகக் கல்வி கற்ற ரொக்கேயா, கணவர் உத்தியோக நிமித்தம் வெளியூர் சென்றிருந்த நாட்களில் பொழுதுபோக்காக இதனை எழுதினார் என்பர். அவர் கண்ட பெண்கள் நாட்டில் ஆண்கள் அந்தப்புரத்தில் அடைபட்டுச் சமையலையும் குழந்தைகளையும் கவனிக்கிறார்கள். அங்குள்ள சமையற்கட்டில் புகையில்லை, கரியில்லை, புகைபோக்கியுமில்லை. சூரிய வெப்பத்தைச் சேமித்துக் குழாய் வழியே கொண்டுவந்து சமைக்கிறார்கள். மேகத்திலிருந்து பலூன் மூலம் நீரை இறக்கிக்கொள்கிறார்கள். வயல்களை மின்சாரம் உழுகிறது. அந்நாட்டுப் பெண்கள் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரமே அலுவல் பார்ப்பதைக் கேட்டு வியக்கும் சுல்தானாவுக்கு, ஆண்கள் சுருட்டுப் பிடித்தே ஆறு மணி நேரத்தைப் போக்கிவிட்டவர்கள் என்று கணக்குச் சொல்லி விளக்கம் தரப்படுகிறது.

ரொக்கேயாவின் கதையில் யந்திரத்தைப் பற்றிய பயம் துளியளவும் காணப்படாததைக் கவனிக்க வேண்டும். சூரிய அடுப்பு பழுதானால் என்ன செய்வது, பலூன் அறுந்தால் குடிநீருக்கு எங்கே போவது என்றெல்லாம் அவர் கவலைப்படவில்லை. அடுப்புப் புகையில் கண்ணெரிந்து இருமிய பெண்குலத்தின் சார்பில் எழுதியவருக்குப் புகையில்லாத அடுப்பு என்பது விடுதலையாகத் தோன்றுமேயன்றி விலங்காகத் தோன்றாது. மேலும் அந்த அடுப்பையும் பலூனையும் கண்டுபிடித்தவர்கள் அந்நாட்டின் இரு பெண்கள் சர்வகலாசாலைகளைச் சேர்ந்தவர்கள். ஆகவே கருவியின் சூத்திரம் அதனைக் கையாளுபவரின் அறிவுக்கு அப்பாற்பட்டதாக இல்லை. இந்த இரண்டாவது அம்சத்தின் முக்கியத்துவம் பின்வந்த கதைகளைப் பார்க்கும்போது விளங்கும்.

வெல்ஸ் காட்டிய சுவர்க்கத்தைக் கண்டு மிரண்டவர் ஈ. எம். ஃபார்ஸ்டர். பின்னாளில் இந்தியாவைப் பற்றிய நாவலால் நம் நாட்டவருக்குப் பரிச்சயமான இவர், அப்போது தாயாருடன் வேபிரிட்ஜ் என்னும் ஊரில், பணிப்பெண்கள் வைத்து நடத்தப்பட்ட வசதியான வீட்டில் வசித்து வந்தார். 1909 நவம்பரில் அவர் வெளியிட்ட 'யந்திரம் நிற்கிறது' என்னும் நெடுங்கதை, வெல்ஸின் சுவர்க்கங்களுள் ஒன்றுக்கு எதிராக எழுதப்பட்டது என்று அவரே பின்னர் ஒப்புக்கொண்டிருக்கிறார். பூமிக்கு அடியில், தேன்கூட்டின் அறையைப் போல ஆறு பட்டையுள்ள சிற்றறையில் வாஷ்டி என்னும் பெண்மணி வாழ்கிறாள். உணவுக்கு ஒரு பொத்தான், சங்கீதத்துக்கு ஒரு பொத்தான், வெந்நீர்த் தொட்டி தரையிலிருந்து எழுவதற்கு ஒரு பொத்தான், நண்பர்களுடன் பேச ஒரு பொத்தான். உலகின் மறுபாதியில் இருக்கும் மகனின் முகத்தை ஒரு வட்டத் தகட்டில் நீலநிறமாகப் பார்த்துப் பேசுகிறாள். நேரில் வந்து பார்க்கும்படி மகன் கேட்பது அவளுக்கு அருவருப்பாக இருக்கிறது.

இக்கதையில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. மேலெழுந்தவாரியாகப் படிப்பவர்கள் அதனைத் தாண்டிப் போய்விடக்கூடும். மகனைப் பார்க்கும் பொருட்டு வாஷ்டி வேண்டாவெறுப்பாக ஆகாயக் கப்பலில் ஏறுகிறாள். ஏறும் பாதையில் முன்னால் சென்ற ஒருவன் கையிலிருந்த புத்தகம் நழுவி விழுகிறது. அது அவர்கள் வேதம்போல் போற்றும் யந்திரப் புத்தகம். வீட்டு அறையில் விழுந்திருந்தால் தரையே எழும்பி அதனைக் கையில் கொடுத்திருக்கும். கப்பலின் நடைபாதைக்கு அந்த ஏற்பாடு இல்லை. எல்லோரும் திகைத்து நிற்கிறார்கள். விழுந்ததைக் குனிந்து எடுக்க வேண்டும் என்ற எண்ணம் அவனுக்கு எழவேயில்லை. இந்தக் கை ஏன் நம்மைக் கைவிட்டது என்று தன் புஜத்தின் தசையைத் தடவிப் பார்க்கிறான். நேரமாகிவிட்டதே என்று யாரோ சொல்ல, கூட்டம் நகர்கிறது. வாஷ்டி புத்தகத்தின் ஏடுகளை மிதித்துக்கொண்டே ஏறிச் செல்கிறாள். பழுது பார்க்கும் சாதனமே பழுதாகிவிட, யந்திரம் நின்று அந்த உலகம் அழிவது கதையின் முடிவு. ஆனால் குனிந்து எடுக்க மறந்த அந்த மனிதனிடத்திலேயே அழிவு தொடங்கிவிட்டது என்று சொல்ல வேண்டும். கைக்குட்டை விழுந்தால் மணியடித்து ஆளை அழைத்த பிரபுக்கள் ஃபார்ஸ்டரின் காலத்தில் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர்களிடமிருந்து மணிக்கயிற்றை எடுத்துவிட்டுப் பொத்தானைக் கொடுத்தால் என்ன ஆவார்களோ, அவர்களே வாஷ்டியின் சமூகத்தார்.

ஏவலாளின் பக்கத்திலிருந்து இப்பிரச்னையைப் பார்த்தவர் செக் நாட்டு நாடகாசிரியர் காரெல் சாபெக். 1920-இல் நூலாக வந்து, 1921 ஜனவரியில் பிராக் நகரத்துத் தேசிய அரங்கில் மேடையேறிய 'ஆர்.யு.ஆர்.' நாடகமே ரோபோ என்ற பெயரை உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் அளித்தது. மனிதனை உழைப்பிலிருந்து மீட்பதற்கென்று ஒரு தீவின் தொழிற்சாலையில் செய்யப்படும் இந்தச் செயற்கைப் பணியாட்கள் உலகெங்கும் விற்கப்படுகிறார்கள். உழைக்க வேண்டிய அவசியம் நீங்கிய மனிதகுலம் சந்ததியற்றுப் போகிறது. கடைசியில் ரோபோக்கள் கலகம் செய்து மனிதர்களைக் கொன்றொழிக்கின்றன. அல்குவிஸ்ட் என்னும் கட்டடத் தலைவரை மட்டும் உயிருடன் விடுகின்றன. அவரும் தங்களைப் போலவே கைகளால் வேலை செய்பவர் என்பது அவை கூறும் காரணம். தொழிற்சாலை நிர்வாகியின் வீட்டில் நானா என்னும் வயது முதிர்ந்த தாதியும் இருக்கிறாள். ரோபோவைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. சாபெக் நிஜமான பணிப்பெண்ணையும் யந்திரப் பணியாளையும் ஒரே வீட்டுக்குள் நிறுத்திக் காட்டியிருக்கிறார் என்பது சிந்தனைக்குரியது.

இரண்டு உலக யுத்தங்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வீட்டு வேலைக்காரர்களின் தொகை மேல்நாடுகளில் குறைந்துகொண்டே வந்தது. சலவை யந்திரமும் குளிர்ப்பெட்டியும் மின்சார அடுப்பும் பெருகின. 1939-ஆம் வருஷத்து நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனியார் காட்டிய எலெக்ட்ரோ என்னும் ஏழடி உயர உலோக மனிதன் நடந்தான், கிராமபோன் தட்டுகளின் உதவியால் பேசினான், சிகரெட்டும் புகைத்தான். ஆனால் ஒரு தட்டைக் கழுவத் தெரியாது. மறு ஆண்டில் ஐசக் அசிமோவ் தம் முதல் ரோபோக் கதையில், குளோரியா என்னும் சிறுமிக்குத் தாதியாக அமர்த்தப்பட்ட ராபி என்னும் ஊமை ரோபோவைப் படைத்தார். குழந்தை அதனிடம் கொண்ட அன்பைக் கண்டு பொறாமையும் அச்சமும் அடையும் தாய், அதனை வீட்டைவிட்டு விலக்குகிறாள். செவிலியிடம் தன் குழந்தை ஒட்டிக்கொள்வதைக் கண்ட சீமாட்டிகளின் பழைய மனத்தாங்கலே இங்கு உலோகத்தின்மேல் திரும்பியிருக்கிறது.

யுத்தம் முடிந்தவுடன் வந்த கதைகளில் தொனி மாறுகிறது. பென்சில்வேனியாவில் சுமார் 18,000 வால்வுகளும் 30 டன் எடையும் கொண்ட எனியாக் கணிப்பொறி பொதுமக்களுக்குக் காட்டப்பட்டது 1946 பிப்ரவரியில். அதற்கடுத்த மார்ச் மாதத்து 'அஸ்டவுண்டிங்' சஞ்சிகையில், முர்ரே லென்ஸ்டர் என்ற புனைபெயருடையவர் வீடுதோறும் கணிப்பொறி இருக்கும் உலகைச் சித்திரித்துவிட்டார். லாஜிக் எனப்படும் அப்பெட்டிகளில் எழுத்துப் பலகையும் திரையும் உண்டு. செய்தி, கடிதம், வரவுசெலவு, படம், பேச்சு யாவும் அவற்றின் வழியாகவே நடைபெறுகின்றன. ஒரு பெட்டி மட்டும் சற்றே பிசகித் தயாராகி, யார் எதைக் கேட்டாலும் ஒளிவுமறைவின்றி விடை சொல்லத் தொடங்குகிறது. மனைவியைச் சந்தேகமின்றித் தீர்த்துக்கட்டும் வழியைக் கேட்டவனுக்கும் விடை கிடைக்கிறது. கதை சொல்பவன் இப்பெட்டிகளைப் பழுது பார்க்கும் மெக்கானிக். அவன் மத்திய நிலையத்தை நிறுத்திவிடும்படி மன்றாடும்போது, அங்குள்ள அதிகாரி அது இயலாது என்கிறார். கணக்கும் கொடுக்கல் வாங்கலும் போக்குவரத்தும் அவற்றை நம்பியே இருப்பதால், பெட்டிகள்தாம் நாகரிகம் என்ற நிலை வந்துவிட்டது என்பது அவர் வாதம். முடிவில் மெக்கானிக் தானே சென்று அந்த ஒரு பெட்டியின் இணைப்பைக் கழற்றி விஷயத்தை முடிக்கிறான்.

அடுத்த ஆண்டு ஜூலையில் அதே சஞ்சிகையில் ஜாக் வில்லியம்சன் எழுதிய 'கட்டிய கைகளுடன்' இன்னும் கடுமையானது. மனிதருக்குப் பணிபுரிவதும், கீழ்ப்படிவதும், அவர்களைத் தீங்கினின்று காப்பதுமே விதியாகக் கொண்ட கறுத்த மேனி யந்திரர்கள் ஊருக்குள் வருகிறார்கள். பணிவிடையில் குறையே இல்லை. ஆயினும் கத்தி ஆபத்தானது, ஆகவே மனைவி சமைக்கக் கூடாது; பல விளையாட்டுகளில் அடிபடக்கூடும், ஆகவே குழந்தைகள் அவற்றை விளையாடக் கூடாது; துக்கமும் உடலுக்குக் கெடுதி, ஆகவே சந்தோஷமாக இராதவர்களுக்கு மூளையில் சஸ்திர சிகிச்சை. கதாநாயகன் அண்டர்ஹில் கைகளைக் கட்டிக்கொண்டு, மிக மகிழ்ச்சியாக இருப்பதாகச் சொல்லி உட்கார்ந்திருப்பதுடன் கதை முடிகிறது. சாபெக்கின் ரோபோக்கள் எஜமானனைக் கொன்று வென்றன. வில்லியம்சனின் யந்திரர்களோ பணிவிடை செய்தே வென்றுவிட்டார்கள்.

1950-இல் ரே பிராட்பரி சில மாத இடைவெளியில் இரண்டு கதைகளை வெளியிட்டார். 'வெல்ட்' என்னும் பெயரால் இன்று அறியப்படும் கதையில், குளிப்பாட்டி, உணவூட்டி, உறங்கச் செய்யும் வீடு ஒன்றை விலைக்கு வாங்கிய தம்பதியர், குழந்தைகளின் விளையாட்டு அறை தங்கள் தாய்தந்தை ஸ்தானத்தையே பிடித்துக்கொண்டதைக் காலம் கடந்து உணர்கிறார்கள். சலவைத்துறையும் சமையற்கட்டும் போய், தாயின் மடியே இங்கு யந்திரத்துக்கு ஒப்படைக்கப்பட்டுவிட்டது. மற்றொரு கதையில் மனிதரே இல்லை. புத்தகப் பதிப்பின்படி 2026 ஆகஸ்டு மாதத்தில், அணுகுண்டால் அழிந்த கலிபோர்னியா நகரத்தில் ஒரே ஒரு வீடு நிற்கிறது. காலை 7 மணிக்குக் கடிகாரம் எழுந்திருக்கச் சொல்கிறது; அடுப்பு ரொட்டியையும் முட்டையையும் தயார் செய்கிறது; உண்பாரின்றி எட்டரை மணிக்குள் முட்டை சுருங்கி ரொட்டி கல்லாய் இறுக, உலோகத் தகடு ஒன்று அவற்றை வழித்துத் தொட்டியில் தள்ளுகிறது; பிறகு எலி வடிவத் துப்புரவு யந்திரங்கள் தரையைச் சுத்தம் செய்கின்றன. கரிந்த வெளிச்சுவரில் வீட்டாரின் நிழலுருவங்கள் மட்டும் வெள்ளையாகப் பதிந்திருக்கின்றன. எஜமானர்கள் மாண்டது தெரியாமல் ஊழியம் தொடர்கிறது. மனிதன் யந்திரத்தைச் சார்ந்திருந்தான் என்று இதுகாறும் சொல்லிவந்த இலக்கியம், யந்திரத்துக்கு மனிதன் தேவையே இல்லை என்ற இடத்துக்கு இங்கே வந்து சேர்ந்துவிட்டது.

இதன்பின் வந்தவை பெரும்பாலும் இந்தத் துறைகளிலேயே நீந்தின. அசிமோவின் 'நிர்வாணச் சூரியன்' (1957) நாவலில் சொலேரியா என்ற கிரகத்தில் மனிதர் 20,000 பேரே. ஒருவருக்கு 10,000 ரோபோ வீதம் பணி செய்ய, அவர்கள் ஒருவரையொருவர் நேரில் காண்பதை அநாகரிகமாகக் கருதி உருவத்தை மட்டும் காண்கிறார்கள். ஃபார்ஸ்டரின் வாஷ்டிக்குப் பெரிய மாளிகையும் தோட்டமும் கொடுத்தால் சொலேரியா கிடைத்துவிடும். ஆனால் பிலிப் கே. டிக்கின் 'யூபிக்' (1969) வேறொரு மாறுதலைக் காட்டியது. அதில் ஜோ சிப் என்னும் கடனாளி தன் வீட்டுக் கதவைத் திறக்கப் போனால், ஐந்து சென்ட் கொடு என்று கதவு கேட்கிறது. தரமுடியாது என்று அவன் வாதாட, வீடு வாங்கியபோது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தைப் பார்க்கச் சொல்கிறது. அவன் சமையலறைக் கத்தியை எடுத்து அதன் தாழ்ப்பாளின் திருகாணிகளைக் கழற்றத் தொடங்க, வழக்குத் தொடுப்பேன் என்று கதவு மிரட்டுகிறது. சிரிப்பை விளைவிக்கும் இக்காட்சியில், வீட்டு யந்திரம் வீட்டுக்காரனின் ஏவலாளாக இருந்த காலம் முடிந்து, வெளியிலுள்ள வேறொரு எஜமானனின் வசூல்காரனாகிவிட்ட காலம் தொடங்கியதைக் காண்கிறோம்.

தமிழில் இவ்வகைக் கற்பனைக்கு ஒரு புதிய திருப்பம் கொடுத்தவர் சுஜாதா. 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த 'என் இனிய இயந்திரா'வில், நிலா என்னும் இளம்பெண்ணுடன் பழகும் ஜீனோ என்ற யந்திர நாய் புத்தகம் படிக்கிறது, யோசிக்கிறது, ஆபத்தில் அவளுக்கு வழி சொல்கிறது. அக்கதையில் மனிதரை அடக்கியாள்வது ஓர் அரசு. வீட்டுக்குள் வந்த யந்திரமோ அவளுக்குத் தோழமை பூண்டு நிற்கிறது. எஜமானன், ஏவலாள் என்ற பழைய உறவைச் சுஜாதா இவ்வாறு சற்று ஒதுக்கி வைத்தார் எனலாம்.

கதைகள் கிடக்கட்டும், நடந்தது என்ன? அமெரிக்கச் சரித்திர ஆசிரியை ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983-இல் வெளியிட்ட ஆராய்ச்சி நூலில், வீட்டுக் கருவிகள் பெருகிய போதிலும் இல்லத்தரசியின் வேலை குறையவில்லை என்பதை விரித்துக் காட்டினார். இரும்பு அடுப்பு வந்தபோது விறகு பிளந்து கொடுத்த ஆடவனுக்கு ஓய்வு கிடைத்தது. ஆலையில் அரைத்த மாவு வந்தபோது தானியத்தை அரைவைக்குக் கொண்டுபோன ஆடவனுக்கு ஓய்வு கிடைத்தது. சமைப்பவளின் வேலையோ பண்டங்களின் வகை கூடக் கூட வளர்ந்தது. முன்பு வெளுப்பவளிடம் போட்ட துணி, சலவை யந்திரம் வந்ததும் வீட்டுக்கே திரும்பி வந்தது. யந்திரம் ஏவலாளை வெளியேற்றியது உண்மை. ஆனால் காலியான அந்த இடத்தில் யந்திரத்தோடு கூட வீட்டு எஜமானியும் நின்று வேலை செய்ய வேண்டியதாயிற்று. விஞ்ஞானக் கதைகளில் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் மிகுதி. துணியைப் போட்டு, எடுத்து, உலர்த்தி, மடித்து வைப்பவளுக்கு அவற்றில் இடம் குறைவு.

மேற்சொன்ன கதைகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தால், பரதந்திரத்தைத் தீர்மானிப்பது கருவிகளின் எண்ணிக்கை அன்று என்பது விளங்கும். ரொக்கேயாவின் நாட்டில் எல்லாமே கருவிகள்தாம். ஆனால் அவற்றைச் செய்யத் தெரிந்தவர்கள் அவற்றைக் கையாளுபவர்களே. லென்ஸ்டரின் உலகைக் காப்பாற்றியவன் மெக்கானிக். சாபெக்கின் நாடகத்தில் உயிர் தப்பியவர் கைத்தொழில் தெரிந்தவர். ஜோ சிப்புக்கு உதவியது ஒரு சமையற்கத்தியும் திருகாணியைக் கழற்றும் சாமர்த்தியமும். வேலையையும் அதன் அறிவையும் சேர்த்துப் பிறரிடம் ஒப்புவித்தவர்களே, அந்தப் பிறர் மனிதராயினும் யந்திரமாயினும், கெட்டார்கள். ஆதலின் வீட்டு யந்திரத்துக்கு நாம் அடிமையாகிவிட்டோம் என்று ஒருவர் முறையிடும்போது, அந்த யந்திரம் வருவதற்கு முன் அவ்வேலையை அவர் வீட்டில் யார் செய்துவந்தார்கள் என்று கேட்டறிவது அவசியம். தாமே செய்துவந்தவரின் முறையீடு கவனித்துக் கேட்கத்தக்கது. பிறரை ஏவிச் செய்வித்தவர் இழந்த சுதந்திரமோ, அவரிடம் முன்பும் இருந்ததில்லை.